பல்லக்கிலிருந்து இறங்கியவர்

ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. மேட்டுநீர் நாடு பக்கத்தில்தான் இருந்தது. அங்கே ஏரி மேலே, வீடுகள் கீழே. இரண்டுக்கும் நடுவே ஒரு மண்கரை. அந்த நாட்டின் சட்டம், சமயம், அரசு எல்லாமே அந்தக் கரை நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

மன்னரைக் குடிகளே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். ஏற்கெனவே மன்னராக இருப்பவர் மட்டுமே போட்டியிடலாம். அதனால் தேர்தல்கள் அமைதியாக நடந்தன.

தலைநகர் ஒரு குன்றின் மேல் இருந்தது. கரையின் காலடியில் அடிக்கரை என்றொரு ஊர். முந்நூறு வீடு.

கரையின் நிலையைப் பார்த்துச் சொல்ல ஐந்து வல்லுநர்கள் இருந்தார்கள். படித்தவர்கள். நேர்மையானவர்கள் என்றும் சொல்ல வேண்டும். நாடு அவர்களை மிகவும் மதித்தது. கற்றவர் கால் மண்ணில் படக்கூடாது என்பது அங்கே முறை. ஆகவே ஒவ்வோர் ஐப்பசியிலும் அவர்களைப் பல்லக்கில் ஏற்றிக் கரையின் உச்சி வழியாகத் தூக்கிச் சென்றார்கள். உச்சியில் அகலமான பாதை இருந்தது. கரையின் வெளிச்சரிவில் முள்ளும் சேறும். பல்லக்கு அங்கே இறங்காது. வல்லுநர்கள் மேலிருந்தபடி நீர்மட்டத்தை அளந்தார்கள், அலையைப் பார்த்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள்.

கரையின் காலடியைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் எழுதிய நூலிலேயே பன்னிரண்டாம் இயலில் இருந்தது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். தேறியதும் அவர்களும் பல்லக்கில் ஏறினார்கள்.

ஓர் ஐப்பசியில் எட்டு நாள் மழை பெய்தது. அடிக்கரையில் சிலர் மூட்டை கட்டினார்கள். மதகுக் காவலன் திருமேனியின் மனைவி மயிலம்மையும் கட்டினாள். ஒன்பதாம் நாள் காலை முரசு கேட்டது. ஐந்து வல்லுநர்களும் ஒருமனதாகக் கண்டறிந்தது என்னவென்றால், கரை நிற்கும். மயிலம்மை மூட்டையை அவிழ்த்து உலை வைத்தாள். அன்று பிற்பகல் கரையின் கிழக்கு முனை இருபது முழ அகலத்துக்குப் போயிற்று.

நாற்பத்தொரு பேர். திருமேனி கரை மேலே மதகு அறையில் இருந்தான். மகள் நாச்சிக்கு அப்போது பத்து மாதம், நெஞ்சுச் சளி. மதகு அறையில் கணப்பு இருந்ததால் குழந்தையை மயிலம்மை அவனிடம் விட்டிருந்தாள். அதனால் அந்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. உடைந்த இடத்தில் மண் கொட்டினார்கள். அவன் மதகுக்கு எண்ணெய் போட்டான்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் அமைச்சர் பேரருளாளர். உறுப்பினர்களும் அவரே.

“வல்லுநர் பெருமக்களே, எங்கே பிழை நேர்ந்தது?”

“மழை எங்கள் கணிப்பை மதிக்கவில்லை” என்றார்கள் நால்வர்.

ஐந்தாமவர் சேந்தனார். ஐம்பது வயதுக்காரர். “பிழை எங்களுடையது” என்றார். “கரையின் காலடியை நாங்கள் பார்க்கவேயில்லை. முப்பது வருடமாகப் பார்க்கவில்லை. பல்லக்கு அங்கே வராது.”

“ஆக, பல்லக்கில் குறை இருக்கிறது என்கிறீர்கள்.”

“ஆமாம். எங்களை இறக்கிவிடுங்கள்.”

“குறை பல்லக்கில்” என்று அமைச்சர் எழுதச் சொன்னார்.

முதல் ஆணை பிறந்தது. உயரம் போதாததால் தொலைவு தெரியவில்லை. ஆகவே பல்லக்குகள் இரண்டு முழம் உயர்த்தப்படும். உயர்ந்த பல்லக்கு ஆடியது. வல்லுநர்கள் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அதன் பிறகு அவர்களால் எதையும் எழுத முடியவில்லை.

அடுத்த ஐப்பசியில் வல்லுநர்கள் பயந்திருந்தார்கள். இரண்டு நாள் தூறலுக்கே கரை உடையும் என்று அறிவித்தார்கள். அடிக்கரை காலி செய்யப்பட்டது. ஊர்மக்கள் தலைநகரின் மாட்டுச் சந்தையில் பதினொரு நாள் மழையில் கிடந்தார்கள். இரண்டு கைக்குழந்தைகளும் ஒரு கிழவரும் காய்ச்சலில் போனார்கள். அறுக்காத நெல் வயலிலேயே முளைத்தது. கரை அசையாமல் நின்றது.

மக்கள் கொதித்தார்கள். கொதிக்கக் காரணம் இருந்தது. அரசும் அவர்களோடு சேர்ந்து கொதித்தது.

இரண்டாம் ஆணைக்கு அச்சமூட்டல் தடைச் சட்டம் என்று பெயர். இதன்படி வல்லுநர் ‘நிற்கும்’ அல்லது ‘உடையும்’ என்று மட்டுமே சொல்லலாம். ‘உடையக்கூடும்’, ‘பார்க்க வேண்டும்’, ‘தெரியவில்லை’ ஆகிய சொற்கள் தடை செய்யப்பட்டன. உடையும் என்று சொல்லி உடையாவிட்டால் நாடு கடத்தல். நிற்கும் என்று சொல்லி உடைந்துவிட்டால் அது இயற்கை. வல்லுநர் இரங்கல் கூட்டத்தில் மாலை வைத்தால் போதும்.

சட்டம் வந்த மறுநாளிலிருந்து கரை மிகவும் உறுதியாகிவிட்டது.

மூன்றாம் ஆணை மக்களுக்கு மரியாதை செய்தது. கரை மக்களுடையது, ஆகவே கரையை அறியும் உரிமையும் மக்களுடையதே. தலைமை வல்லுநர் இனி தேர்தல் மூலம் வருவார். முரசறையும் கோட்புலி வென்றார். நாட்டிலேயே பெரிய குரல் அவருடையது. “நான் ஏட்டைப் பாத்துச் சொல்றவன் இல்ல. என் நெஞ்சு சொல்றதைச் சொல்றவன். நிக்கும்!” என்பதுதான் அவருடைய பிரசாரம் முழுவதும். பழைய வல்லுநர்கள் அவருக்கு ஆலோசகர்கள் ஆனார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு அதற்கான காரணங்களை எழுதித் தருவது அவர்கள் வேலை.

நால்வர் ஒப்புக்கொண்டார்கள். சேந்தனார் பதவியேற்பு ஊர்வலத்தின் நடுவே பல்லக்கிலிருந்து குதித்தார். கணுக்கால் சுளுக்கியது. கால் மண்ணில் பட்டதால் அக்கணமே அவர் வல்லுநர் அல்லாதவர் ஆனார். ஓடிவந்த காவலரிடம், “விலகலை எழுத்துபூர்வமாகத் தர வேண்டுமா?” என்று கேட்டாராம்.

நான்காம் ஆணை ஏரியைப் பற்றியது. மன்னர் மீண்டும் மன்னரானதைக் கொண்டாடத் தெப்ப விழா. அதற்கு ஏரி தளும்ப வேண்டும். தலைமை வல்லுநரின் முத்திரை இல்லாமல் மதகைத் திறப்பவர் குற்றவாளி.

மூன்றாவது ஐப்பசி இப்படி வந்தது. ஏரி கரையின் கழுத்து வரை நின்றது. மழை விட்டு விட்டுப் பெய்தது.

சேந்தனார் கையில் ஒரு கோலுடன் கரையின் காலடியில் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தார். கரையிலிருந்து எப்போதும் கொஞ்சம் நீர் கசிந்து அங்கே ஒரு சிறு வாய்க்காலாக ஓடும். அடிக்கரைப் பெண்கள் துணி துவைப்பது அதில்தான். அன்று ஆண்டிச்சி ஒருத்திதான் துவைத்துக்கொண்டிருந்தாள். திருமேனியின் அடுத்த வீட்டுக்காரி.

“பெரியவரே, தள்ளி நில்லும். சேறு தெறிக்கும்.”

“இந்தத் தண்ணி எப்பவும் இப்படியாம்மா?”

“மூணு நாளா இந்த லட்சணம்தான். வெள்ளைத் துணியப் போட்டா காவியா வருது. இப்படியே போனா ஊரே சாமியாராப் போயிரும்.”

“முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?”

“வந்துச்சே. அந்த வருசம். கரை போறதுக்கு நாலு நாளைக்கு முந்தி.”

சேந்தனார் அப்படியே நின்றார். “யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரு கேட்டா? மேல பல்லக்கு போவுது. கீழேருந்து அழுக்குத் துணிய ஆட்டச் சொல்றீரா?” அவள் சேலையைக் கல்லில் அடித்தாள். “அதுவுமில்லாம, அதுக்கு இதுதான் அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? சவுக்காரம் மட்டம்னு நெனச்சேன்.”

அர்த்தம் தெரிந்தவர் முப்பது வருடமாக மேலே இருந்தார். தண்ணீரைப் பார்த்தவள் கீழே இருந்தாள். நடுவில் எழுபது முழச் சரிவு.

அவர் அந்தச் சரிவில் ஏறி மதகு அறைக்கு வந்தபோது திருமேனி நாச்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு இப்போது மூன்று வயது நெருங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

“பல்லக்கு எங்க?”

“இறங்கிட்டேன் தம்பி. மதகைத் திறக்கணும். மூணு கண்ணையும். கரை உள்ளுக்குள்ள அரிக்குது.”

“அன்னிக்கு நிக்கும்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான். என்னோட இன்னும் நாலு பேர்.”

“அவ மூட்டை கட்டிட்டா. உங்க முரசைக் கேட்டுத்தான் அவுத்தா.”

நாச்சி இன்னொரு கவளத்துக்கு வாயைத் திறந்தாள். திருமேனி ஊட்டினான்.

“போன வருசம் உடையும்னீங்க” என்றான். “உடையல. சந்தையில மூணு பேர் செத்தாங்க.”

“அது பயத்துல சொன்னது. முதல் தடவை பார்க்காம சொன்னோம், ரெண்டாவது தடவை பயந்து சொன்னோம். இப்ப கீழ இறங்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“நிச்சயமா உடையுமா?”

“பத்துக்கு ஏழு.”

திருமேனி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். “மிச்சம் மூணு?”

“மிச்சம் மூணு நடந்தா கரைக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம ரெண்டு பேரையும் நாட்டை விட்டுத் துரத்துவாங்க.”

“அன்னிக்கு எவ்வளவு?”

“அன்னிக்குப் பத்துக்குப் பத்துன்னு சொன்னோம்.” சேந்தனார் உட்கார்ந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. “என்னை நம்புன்னு கேட்க எனக்கு வாயில்ல தம்பி. ஒரு சொம்பு எடுத்துக்கிட்டு வா. கசிவுத் தண்ணிய நீயே பிடி. தெளிஞ்சிருந்தா அது கரைக்கு வேர்க்குற மாதிரி, எல்லாக் கரைக்கும் உண்டு. கலங்கியிருந்தா அதுல வர்றது கரையோட மண்ணு. உள்ள எங்கயோ ஓட்டை விழுந்துருக்கு.”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருமேனி இறங்கினான். பித்தளைச் சொம்பில் பிடித்து ஒரு கல்லின் மேல் வைத்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். மேல்நீரை மெல்லச் சாய்த்து ஊற்றியபோது அடியில் இரண்டு விரற்கடை மண் இருந்தது. கரைமண். திருமேனி அதை விரலால் தொட்டான். மயிலம்மையைத் தோண்டி எடுத்தபோது அவள் தலைமுடியில் இருந்தது இந்த மண்தான்.

“முத்திரை கேட்டுப் பாக்கலாம்” என்றான். நாச்சியை ஆண்டிச்சியிடம் விட்டுவிட்டு இருவரும் குன்றேறினார்கள்.

அரண்மனையில் அமைச்சர் பேரருளாளர் சொம்பைத் தூரத்திலிருந்தே பார்த்தார். “இது என்ன?”

“கரை” என்றார் சேந்தனார்.

“கரை அங்கே இருக்கிறது. நான் காலையில்கூடச் சாளரம் வழியாகப் பார்த்தேன்.” அமைச்சர் ஏட்டைப் புரட்டினார். “நீர் வல்லுநர் என்ற முறையில் சொல்கிறீரா?”

“நடந்து வந்திருக்கிறேன். ஆகவே இல்லை.”

“வல்லுநர் அல்லாதவர் கருத்து சொல்ல உரிமை உண்டு. அதைக் கேட்கும் கடமை எங்களுக்கு இல்லை. பாவம், உமக்குக் கால் வலிக்குமே. உட்காரும்.”

தலைமை வல்லுநர் கோட்புலி வரவழைக்கப்பட்டார். அவர் சொம்புக்குள் எட்டிப் பார்த்து உரக்கச் சிரித்தார். “மழைக்காலத்துல தண்ணி கலங்காம பன்னீராவா வரும்? ஏய்யா, இத்தனை படிச்சும் இது தெரியலையே உமக்கு! என் நெஞ்சுல கைய வெச்சுப் பாரும். என்ன சொல்லுது? நிக்கும்ங்குது.”

நான்கு ஆலோசகர்கள் அதற்கான காரணங்களை எழுதத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சொம்பைப் பார்த்தார். பிறகு சேந்தனாரைப் பார்த்தார். பிறகு எழுத்தாணியைக் கூர் தீட்டினார்.

திருமேனி முன்னால் வந்தான். “கீழ எம்புள்ள இருக்கு சாமி” என்றான். “முந்நூறு வீடு இருக்கு.”

“மன்னர் யாரையும் புறக்கணிப்பவர் அல்லர்” என்றார் அமைச்சர். “வாக்கெடுப்பு நடத்துவோம்.”

அன்றே நடந்தது. கரை நிற்குமா, உடையுமா? குன்றின் மேல் வசிப்பவர்கள் மட்டும் வாக்களித்தார்கள். அடிக்கரை மக்கள் கரைக்கு மிக அருகில் இருப்பதால் அவர்களிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது என்று விளக்கம் தரப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் நிற்கும் என்றார்கள். கரை பெரும் வாக்கு வித்தியாசத்தில் நின்றது.

மறுநாள் காலை திருமேனி நாச்சியைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டான். வாய்க்கால் ஓரமாக நடந்து ஒவ்வொரு வீட்டிலும் ஆடுமாடுகளை அவிழ்க்கச் சொன்னான். சிலர் அவிழ்த்தார்கள். பிறகு மதகின் திருகைப் பிடித்தான். முத்திரையிட்ட அரக்கு உடைந்தது. மூன்று கண்ணிலும் தண்ணீர் பாய்ந்தது. சேந்தனார் மறுபக்கம் நின்று திருகினார். பழக்கமில்லாத கை, தோல் உரிந்தது.

இரண்டு பகலில் ஏரி நான்கு முழம் இறங்கியது. அரசு வயல்கள் மூழ்கின. தெப்பம் சேற்றில் தட்டி நின்றது. மன்னர் அப்போது ஒத்திகைக்காக அதன் மேல் இருந்தார். சேற்றில் இறங்கும் மன்னருக்கு உரிய முறைமை எந்த நூலிலும் இல்லாததால் மாலை வரை அங்கேயே இருந்தார்.

மூன்றாம் நாள் கசிவுநீர் தெளிந்தது. நான்காம் நாள் மழையும் நின்றுவிட்டது. கரை நின்றது.

விசாரணை கரை மேலேயே நடந்தது. கரைதான் முதல் சாட்சி என்று அமைச்சர் அறிவித்தார். அடிக்கரை மக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

“கரை உடைந்ததா?” என்று கேட்டார் அமைச்சர்.

“இல்லை” என்றார் சேந்தனார்.

“மதகைத் திறக்காமல் இருந்திருந்தால் உடைந்தே இருக்கும் என்று உம்மால் உறுதியாகச் சொல்ல முடியுமா?”

“முடியாது. பத்துக்கு ஏழு.”

சபை சிரித்தது. கோட்புலி தொடையைத் தட்டிச் சிரித்தார். “மிச்சம் மூணு எங்கிட்ட இருக்கு!”

அமைச்சர் திருமேனி பக்கம் திரும்பினார். “இவர் சொல்லைக் கேட்டு உன் மனைவி இறந்தாள். அதே மனிதரை ஏன் நம்பினாய்? உனக்கு அறிவில்லையா?”

“அவரு ஏன் தப்பாச் சொன்னாருன்னு அவரே வந்து சொன்னாரு. வேற யாரும் வந்து சொல்லல.”

“அது ஒரு காரணமா?”

“சொம்பையும் என் கையில குடுத்தாரு.”

அமைச்சருக்கு இது பதிலாகப் படவில்லை. சாட்சிகளை அழைத்தார். முன்னால் வந்தவள் ஆண்டிச்சி. கையை ஆட்டிக் கத்தினாள்.

“கரைக்கு என்ன கேடு? இந்தா நிக்குது பாருங்க மலையாட்டம்! இவன் தொறந்துவிட்ட தண்ணியில எங்கோழி நாலு போச்சு. கொல்லையில ஒரு பூசணி மிச்சமில்ல. எங்கடா உடைஞ்சுது? காட்டுடா!”

“காட்டு!” என்றது கூட்டம்.

திருமேனி கூட்டத்தைப் பார்த்தான். கிழக்குத் தெருக்காரர்கள் ஒரு பக்கம், வாய்க்கால் ஓரத்து வீடுகள் ஒரு பக்கம். தோளில் குழந்தைகள். ஊன்றுகோலோடு இரண்டு கிழவர்கள். ஒரு கர்ப்பிணி நிழலில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். தெருத் தெருவாகப் பார்த்தான். எல்லோரும் இருந்தார்கள்.

தீர்ப்பு சுருக்கமானது. கரை தலைமை வல்லுநர் சொன்னபடியே நின்றதால் அவருக்கு இன்னொரு பல்லக்கு. இனி எவரும் கரையின் நிற்றலில் குறுக்கிடாதபடி மூன்று மதகுக் கண்களும் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைக்கப்படும். இருவரும் இன்றே நாட்டை விட்டு வெளியேற வேண்டும். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. கொத்தர்கள் ஏற்கெனவே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

காவலர்கள் அவர்களைக் கூட்டத்தின் வழியாக நடத்திச் சென்றார்கள். யாரோ மண்ணாங்கட்டி எறிந்தார்கள். அது நாச்சியின் மேல் படாமல் திருமேனி திரும்பிக்கொண்டான். ஆண்டிச்சி கத்திக்கொண்டே கூட வந்தாள். கூட்டம் நெருக்கியதில் அவள் முகம் அவன் தோளுக்கு அருகில் வந்தது. ஒரு கணம் கத்துவதை நிறுத்தினாள்.

“எத்தனை நாள் கலங்கினா?” என்று கேட்டாள். உதடு அசையாமல் கேட்டாள்.

திருமேனி சேந்தனாரைப் பார்த்தான்.

“ஒரு நாள்” என்றார் அவர். “ஒரு நாள் கலங்கினாலே கிளம்பிடும்மா. தப்பாவும் இருக்கலாம்.”

அவள் தலையசைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“தள்ளுங்கடா இவனுங்களை வெளியே!” என்றாள். அங்கிருந்தவர்களில் அவள் குரல்தான் உரக்கக் கேட்டது.